நிலம் இல்லையென்றால் அடுத்த வீடு

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் பரப்பு எவ்வளவு என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே எண்ணைத்தான் சொல்வார்கள்: 14,707 ஏக்கர். லோயர்கேம்ப்பில் தொடங்கி எங்கள் பழனிசெட்டிபட்டியில் முடிகிற பரப்பு அது. உத்தமபாளையம் வட்டத்தில் 11,807, தேனி வட்டத்தில் 2,412, போடி வட்டத்தில் 488. முல்லைப் பெரியாறு அணையில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் இந்த எண் அறிவிப்பிலும் செய்தித்தாளிலும் தவறாமல் வரும். பாசனத்துக்கு வினாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி, 120 நாள் என்று தண்ணீருக்கும் கணக்கு உண்டு. அந்த வயலில் இறங்கி நாற்று நடுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு வருடத்தில் எத்தனை நாள் வேலை என்ற எண் மட்டும் எந்த அறிவிப்பிலும் வந்து நான் பார்த்ததில்லை.

முதுகலை படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகப் படிவம் நிரப்பும் வேலைக்குப் போனேன். செலவுக்கு ஆகும் என்றுதான் போனேன். எந்த நிலத்தில் எந்தப் பயிர் வைத்தால் குடும்பத்துக்கு லாபம் என்று கணினியில் போட்டுப் பார்க்கும் ஆய்வு. பத்துப் பதினைந்து பக்கப் படிவம். முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி: சாகுபடி நிலம் எத்தனை ஏக்கர்? பூஜ்ஜியம் என்றால் நேர்காணல் முடிந்தது. எங்கள் காலனித் தெருவுக்கு வந்தபோது மேற்பார்வையாளர் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "தம்பி, நிலம் இல்லைன்னா அடுத்த வீட்டுக்குப் போயிருங்க" என்றார். தெரு முழுவதையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டோம். மேலத்தெருவில் ஒரு வீட்டுக்கே ஒன்றரை மணி நேரம் ஆனது.

என் பெரியம்மா வீட்டு வாசலில் நின்று அந்தக் கேள்வியை நானே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஏண்டா, நெலத்துல நிக்கிறது நாங்க. நெலத்தப் பத்தி எழுதுறது மட்டும் அவுகள கேட்டா?"

அவர் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்த வகை ஆய்வு எப்படி நடக்கிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் இயக்கத் தோழர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இடஒதுக்கீட்டுப் பட்டியலையும் உள்ளாட்சி வார்டு வரையறையையும் வரி வரியாகப் படிக்கிற நாம், வேளாண் கொள்கையின் அடியில் கிடக்கும் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் நிபுணர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

இதில் இரண்டு கணக்குகளை ஒன்றாகப் பூட்டுகிறார்கள். முதலாவது பயிர் வளர்ச்சி மாதிரி. வெயில், அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பம், மழை, மண்ணின் ஆழம், தழைச்சத்து எல்லாவற்றையும் கொடுத்தால் கணினிக்குள் ஒரு நெற்பயிர் நாள் நாளாக வளரும். இலை விடும், கதிர் பிடிக்கும், கடைசியில் எக்டேருக்கு இத்தனை கிலோ என்று சொல்லும். நெதர்லாந்தின் வாகனிங்கனில் டி விட் என்ற அறிஞர் 1960களில் இதற்கு அடித்தளம் போட்டார். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் டிஎஸ்எஸ்ஏடி, ஆஸ்திரேலியாவின் ஆப்சிம், டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் இன்ஃபோகிராப் எல்லாம் இந்த வகைதான். இரண்டாவது பொருளாதார மாதிரி. ஒரு குடும்பத்திடம் இவ்வளவு நிலம், இவ்வளவு தண்ணீர், இவ்வளவு பணம், இவ்வளவு ஆள் இருந்தால், எதை எத்தனை ஏக்கரில் வைத்தால் வருமானம் அதிகம் என்று பார்ப்பது. பள்ளியில் வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு நேரியல் திட்டமிடல் நினைவிருக்கும். பல மாதிரிகளின் அடிப்படை அதுதான். முதல் மாதிரி தரும் விளைச்சலை இரண்டாவதில் ஊற்றினால் நிலப் பயன்பாட்டு ஆய்வு தயார்.

இது சாதாரண வேலை இல்லை. தண்ணீர் பத்து நாள் தாமதமாகத் திறந்தால் என்ன ஆகும், உர விலை ஏறினால் என்ன ஆகும் என்பதை விவசாயியின் வயிற்றில் அடிக்காமல் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முடிகிறது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1996 முதல் 2000 வரை நடத்திய சிஸ்நெட் திட்டத்தில் அரியானா மாநிலத்துக்கே இப்படிக் கணக்குப் போட்டார்கள். 2010இல் தொடங்கிய ஆக்மிப் என்ற பன்னாட்டுத் திட்டத்தில் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்தது. தமிழ்நாட்டு மக்காச்சோளப் பண்ணைகளையும் பண்ணைக் குடும்பங்களின் வருமானத்தையும் பற்றிய அவர்களது அத்தியாயம் 2015இல் வெளிவந்த தொகுப்பில் இருக்கிறது. பயிருக்கு டிஎஸ்எஸ்ஏடி, ஆப்சிம். பொருளாதாரத்துக்கு அமெரிக்காவின் ஆன்டில் குழு உருவாக்கிய டிஓஏ-எம்டி. நான் மதிக்கிற உழைப்பு அது.

பண்ணைக் குடும்பங்கள் என்ற அந்தச் சொல்லில்தான் எனக்கு இடிக்கிறது. இந்தக் கணக்குகளின் அலகே பண்ணைதான். பண்ணை உள்ளவருக்கு லாபமா நட்டமா, வறுமை கூடுமா குறையுமா என்பது வரை பார்ப்பார்கள். பண்ணை இல்லாதவர் அந்தக் கணக்கில் ஒரு குடும்பமாக வருவதில்லை. வேறொரு இடத்தில் வருகிறார். விதை, உரம், பூச்சிமருந்து, டிராக்டர் வாடகைக்குக் கீழே, கூலி என்ற செலவு வரியில்.

செலவு வரி என்றால் அது குறையக் குறைய நல்லது. நெல்லை விட்டுவிட்டுத் தென்னை வைக்கச் சொல்லும் கணக்கில், ஆள் செலவு மிச்சமாவது ஒரு சாதகம். இதற்குக் கணினிகூடத் தேவையில்லை, தேனியிலிருந்து கம்பம் வரை பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால் போதும். வயலுக்கு நடுவே தென்னை, வாழை, அதையும் தாண்டினால் கல் நட்ட வீட்டுமனை. பழனிசெட்டிபட்டி தேனி நகரத்தை ஒட்டிய ஊர் என்பதால் எங்களிடம் கடைசியில் சொன்னதுதான் அதிகம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016இல் உயர்நீதிமன்றம் தடை போட்டது, 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. எந்தப் பயிர் மாதிரியாலும் வெல்ல முடியாத பயிர் வீட்டுமனை!

நெல்லுக்கு நாற்று பறிக்க, நட, களையெடுக்க, மறுபடி களையெடுக்க ஆள் வேண்டும். இதில் பெரும்பகுதி பெண்கள் வேலை, எங்கள் பகுதியில் பெரும்பாலும் காலனிப் பெண்கள் வேலை. தென்னைக்கு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை காய் வெட்டினால் போதும். வெட்டுவது ஆண்கள், இரண்டு மூன்று பேர். ஆகவே ஒரு வயல் தென்னந்தோப்பாக மாறும்போது ஒரு பெண் கூட்டத்துக்கே வேலை போகிறது. நிலக்காரரின் ஏட்டில் அது சேமிப்பு. எங்கள் வீட்டில் அது விடிகாலை நாலு மணி ஜீப். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்பில், இத்தனை பேர்தான் ஏற்றலாம் என்ற விதியையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. மலைப் பாதையில் கவிழும் அந்த ஜீப்புகள் மாவட்டச் செய்திப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரியாக வரும். 2020 ஊரடங்கில் எல்லை மூடியபோது இந்த வருமானம் ஒரே நாளில் நின்றது. பள்ளத்தாக்கின் நிலப் பயன்பாட்டு ஆய்வு இந்த மலையை எப்படிச் சேர்க்கும்? அதன் எல்லை பாசனப் பரப்போடு முடிந்துவிடுகிறது. எங்கள் உழைப்பின் எல்லையோ சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் போகிறது.

நூறு நாள் வேலை இருக்கிறதே என்பார்கள். அது கிராம ஊராட்சிகளுக்கு. பழனிசெட்டிபட்டி பேரூராட்சி. சேற்றில் நின்று நடவு நடுகிறவர் ஆவணத்தில் நகரவாசி.

இந்தக் கணக்குகளில் நிழல் விலை என்று ஒன்று உண்டு. உன்னிடம் இருக்கும் நிலத்தில் ஒரு ஏக்கர் கூடினால் வருமானம் எவ்வளவு கூடும்? அதுதான் நிலத்தின் நிழல் விலை. ஒரு ஆள் கூடினால் எவ்வளவு கூடும்? அது உழைப்பின் நிழல் விலை. தேவைக்கு மேல் ஆள் இருக்கும் மாதத்தில் உழைப்பின் நிழல் விலை பூஜ்ஜியம் என்று கணினி கூசாமல் அச்சடித்துத் தரும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது கோபம் வந்தது. நிதானமாக யோசித்தால், அது ஓர் உண்மையைத்தான் சொல்கிறது. ஒரு பக்கம் ஆளுக்கு மதிப்பில்லை, இன்னொரு பக்கம் ஏக்கருக்கு மதிப்பு ஏறிக்கிடக்கிறது என்றால், ஆள் இருக்கிறவரிடம் நிலம் இல்லை, நிலம் இருக்கிறவர் வயலில் இறங்குவதில்லை என்று பொருள். அதற்குப் பெயர்தான் சாதி. மாதிரி அதைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது, நாம்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு லாபப் பக்கத்துக்குப் போகிறோம்.

இதைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் நம்மிடம் இருக்கிறார். அண்ணல் அம்பேத்கர் 1918இல் இந்தியப் பொருளாதாரச் சங்கத்தின் இதழில் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்போது பம்பாய் மாகாண வேளாண் இயக்குநராக இருந்த கீட்டிங் போன்றவர்கள், ஒரு குடும்பம் வசதியாகப் பிழைக்க எத்தனை ஏக்கர் வேண்டுமோ அதுதான் பொருளாதார உடைமை என்றார்கள். அம்பேத்கர் அதை மறுத்தார். பண்ணை ஓர் உற்பத்தித் தொழில், அது பெரிதா சிறிதா என்பதை நிலத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, நிலம், உழைப்பு, மூலதனம் ஆகியவை எந்த விகிதத்தில் சேர்கின்றன என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும் என்றார். வேளாண்மையில் வேலையின்றித் தேங்கிக் கிடக்கும் உழைப்பைக் காட்டினார், அதற்குத் தொழில்மயமாக்கலைத் தீர்வாகச் சொன்னார். இன்றைய பொருளாதார மாதிரிகள் செய்வதும் அந்த விகிதக் கணக்கைத்தான்.

ஆனால் அம்பேத்கர் 1918லேயே நின்றுவிடவில்லை. 1947இல் அரசியல் நிர்ணய அவைக்காகத் தயாரித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் வேளாண்மையை அரசுத் தொழிலாக்கச் சொன்னார். நிலத்தை அரசே எடுத்து, பண்ணைகளாகப் பிரித்து, சாதி பார்க்காமல் கிராமத்தவரிடம் கூட்டாகச் சாகுபடிக்குக் கொடுக்க வேண்டும், நிலக்கிழாரும் இருக்கக்கூடாது, குத்தகைதாரரும் இருக்கக்கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக்கூடாது என்றார். யாருடைய நிலம் என்பதையே அவர் மாற்றத்தக்க ஒன்றாக எடுத்துக்கொண்டார்.

இன்றைய மாதிரிகளில் மாற்றிப் பார்க்கப்படாதது பெரும்பாலும் அது ஒன்றுதான். விதைப்பு நாளை மாற்றுகிறார்கள், ரகத்தை மாற்றுகிறார்கள், கரியமில வாயுவின் அளவை மாற்றுகிறார்கள். ஆக்மிப் குழுக்கள் 2040 முதல் 2069 வரையிலான தட்பவெப்பத்தை வைத்து ஓட்டினார்கள். எதிர்காலத்தில் விலை எப்படிப் போகும், கொள்கை எப்படிப் போகும், பண்ணையின் அளவு கூடுமா குறையுமா என்று வல்லுநர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பாதைகள் வகுத்தார்கள். 2050இன் மழையைக் கற்பனை செய்ய முடிகிறவர்களால் இன்றைய பட்டாவில் வேறொரு பெயரைக் கற்பனை செய்ய முடியவில்லை.

சாதி கணக்கில் விடுபட்டிருக்கிறது என்று மட்டும் நான் சொல்லவில்லை. சில இடங்களில் அது வேறு பெயரில் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. பழனிசெட்டிபட்டி இந்த இருபோகப் பரப்பின் கடைமடை. தலைமடையில் தண்ணீர் நிறைய எடுத்தால் இங்கே காயும். எல்லா ஊரிலும் சொல்வேன் என்றில்லை, ஆனால் நான் பார்த்த வாய்க்கால்களில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு வாய்த்த துண்டு நிலம் வாய்க்காலின் வால் பக்கம்தான் கிடக்கிறது. அங்கே விளைச்சல் குறைந்தால் மாதிரி அதை மண்ணின் குணம் என்று வாங்கிக்கொள்ளும். வாய்மொழிக் குத்தகைக்கு ஓட்டுகிறவர் இருக்கிறார். குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்தும் அவர் பெயர் அடங்கலில் ஏறாது. அடங்கல் இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்காது. கந்துவட்டிக்கு வாங்கி, உரம் இரண்டு வாரம் தாமதமாகப் போடுவார். மாதிரி அதை விளைச்சல் இடைவெளி என்று அளந்து, காரணம் மோசமான பராமரிப்பு என்று எழுதிவிடும். தீர்வு பயிற்சி முகாம்!

கொடுக்கப்படும் தரவே அப்படி. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. வேளாண் கணக்கெடுப்பு சாகுபடி நிலத்தொகுதிகளை எண்ணுகிறது, நிலம் இல்லாத வீட்டை எண்ணுவதில்லை. எண்ணுகிற இடத்திலும் பட்டியல் சாதி, பழங்குடி, நிறுவனம், மற்றவர்கள் என்று நாலு பத்தி. இந்த மற்றவர்களுக்குள் பெரும் நிலவுடைமைச் சாதியும் கூலிக்குப் போகும் பிற்படுத்தப்பட்ட சாதியும் ஒன்றாகக் கிடக்கின்றன. பட்டியல் சாதி என்ற பத்திக்குள்ளும் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளத்தாக்கில் நெல் வேளாண்மையோடு நெடுநாள் பிணைப்புள்ள சாதிக்கும் அருந்ததியருக்கும் நிலத்தில் உள்ள தூரம் ஒன்றல்ல. அகில இந்திய அளவில் பார்த்தால், 2011 கணக்கெடுப்பில் வேளாண்மையில் இருக்கும் பட்டியல் சாதியினரில் 71 விழுக்காட்டினர் கூலித் தொழிலாளர்கள். அதாவது பண்ணைக் குடும்பம் என்ற அலகை வைத்து ஆய்வு தொடங்கும்போதே வேளாண்மையில் உள்ள நம் மக்களில் பத்தில் ஏழு பேருக்கு அடுத்த வீடு சொல்லியாகிவிட்டது.

நிலமற்றவர்களைச் சேர்ப்பது சிக்கல், மாதிரி பெருத்துவிடும் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனம் 1975இல் ஆரப்பள்ளி, ஷிராப்பூர், கன்சாரா போன்ற ஊர்களில் கிராம ஆய்வைத் தொடங்கியபோது ஊருக்கு 40 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 30 சாகுபடிக் குடும்பம், 10 கூலிக் குடும்பம். ஆண்டுக்கணக்கில் யார் எந்த நாள் எந்த வேலைக்குப் போனார் என்று அந்தந்த ஊரிலேயே தங்கிக் குறித்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் காகிதத்திலும் பென்சிலிலும் செய்ததை இன்றைய கணினியில் செய்ய முடியாது என்றால் நம்புவதற்கில்லை.

ஆகவே இந்த ஆய்வுகளைப் புறக்கணிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நமக்காக ஓட்டச் சொல்கிறேன். தென்னைக்கும் வாழைக்கும் ஏக்கருக்கு எவ்வளவு லாபம் என்று சொல்லும் அதே அட்டவணையில், ஏக்கருக்குப் பெண்களுக்கு எத்தனை வேலைநாள், எந்த மாதத்தில் என்று இன்னொரு பத்தி போடட்டும். கூலியைச் செலவு வரியில் வைத்தாலும் பரவாயில்லை, அதே கூலியை வாங்கும் வீட்டை இன்னொரு அலகாக வைத்து அங்கே வரவாகக் காட்டட்டும். வல்லுநர் கூட்டத்தில் விதை வியாபாரிக்கும் வேளாண் அதிகாரிக்கும் நாற்காலி போடுகிறவர்கள், நடவு நடும் பெண்கள் இருவருக்கும் போடட்டும், அன்றைய கூலியையும் கொடுத்து.

பஞ்சமி நிலத்தை மாதிரிக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் பெரிய ஆசை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அறிக்கை கொடுத்து, 1892இல் ஆணை வந்து, ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. பத்து ஆண்டுக்கு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டவருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. அதை மீட்கப் போன காரணைப் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். மீட்பைப் பற்றிப் பேசினால், கொடுத்தால் மட்டும் இவர்கள் பயிர் செய்துவிடுவார்களா, தரிசாகப் போட்டுவிற்றுவிடுவார்கள் என்று நாகரிகமானவர்களே சொல்வார்கள். சரி, சோதித்துப் பார்ப்போமே. பயிர் வளர்ச்சி மாதிரிக்குப் பட்டாவில் இருக்கும் பெயர் தெரியாது, அதற்கு வெயிலும் தண்ணீரும் தழைச்சத்தும்தான் தெரியும். நிலமற்ற வீடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏக்கர், வாய்க்காலில் முறைத் தண்ணீர், கூட்டுறவுக் கடன் என்று போட்டு ஓட்டட்டும். விளைச்சல் எவ்வளவு, வருமானம் எவ்வளவு, எத்தனை பேர் ஜீப்பில் ஏறுவதை நிறுத்துவார்கள் என்று அச்சடித்துக் காட்டட்டும். பஞ்சாபில் கிராமப் பொதுநிலக் குத்தகையில் மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்குச் சட்டப்படி ஒதுக்கியிருக்கிறது, அதற்காக அங்கே போராட்டமும் நடக்கிறது. அதையும் ஒரு நிபந்தனையாக எழுத ஒரே ஒரு சமன்பாடு போதும்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது பழைய படிவத்தின் பின்பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் போட்டு, தமிழ் மாதங்களை எழுதி, பெரியம்மாவிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். ஆனி, ஆடியில் நாற்றும் நடவும். பிறகு களை. ஆவணி முதல் ஏலக்காய் பறிப்பு, அதனால் ஒரு வாரம் கீழே, ஒரு வாரம் மேலே. மார்கழியில் மறுபடி நடவு, அதுவும் முன்பு போன வயலில் பாதிக்குத்தான், மீதி தோப்பாகிவிட்டது. பங்குனியில் அறுப்பு மிசின் வந்துவிடும் என்பதால் வரப்போரம் சிந்தியதைப் பொறுக்குவது. சித்திரை, வைகாசிக் கட்டம் காலியாகக் கிடந்தது. கோடை மழை இல்லையென்றால் தோட்டத்திலும் ஆள் எடுக்க மாட்டார்கள்.

"இந்த ரெண்டு மாசத்துக்கு என்ன பெரியம்மா எழுத?" என்றேன்.

"கடன்னு எழுது" என்றார்.